இறக்கத்தின் ருசி

மின்சாரக் கார் வாங்கியதிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் வரும்?" கல்யாண மண்டபத்தில் கேட்கிறார்கள், டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போன இடத்தில் கேட்கிறார்கள். எப்போதாவது ஒருவர், பெரும்பாலும் வண்டிமேல் ஆசை உள்ளவர், பக்கத்தில் வந்து வேறொன்றைக் கேட்பார். "ஓட்டறதுக்கு எப்படிங்க இருக்குது?" இந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கும். நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன். பல வருடம் ஒரு அசல் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தேன். இப்போது மின்சாரக் கார் ஓட்டுகிறேன். இரண்டுக்கும் நடுவே என்ன போயிற்று, என்ன வந்தது என்று எனக்கே பிடிபட நாளானது.

கோயம்புத்தூரில் கார் ஓட்டும் ஆசையை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். அவருக்கும் முன்னால் இங்கே எஸ். கரிவரதன் இருந்தார். மில்களும் லேத் பட்டறைகளும் நிறைந்த ஊரில், மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை ஒற்றை இருக்கை ரேஸ் காரில் பொருத்தி, 1980களின் கடைசியில் ஃபார்முலா மாருதி என்ற வகையை உண்டாக்கியவர். அந்த எஞ்சினின் சக்தி நாற்பது குதிரைக்குள்தான். நரேன் முதல் ரேஸ் ஓட்டியதும் அப்படி ஒரு வண்டியில்தான். சின்ன எஞ்சினை முழுசாகப் பிழிந்து ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் பெரிய வண்டி வசப்படும் என்பது இந்த ஊரில் பட்டறைப் பையனுக்கும் தெரியும்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. லாரி டிரைவர். வால்பாறை எஸ்டேட்டுகளிலிருந்து தேயிலை இறக்கிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டுப் பத்மினியில், ஸ்டியரிங்கை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கியர்த் தண்டைப் பிடிக்கவைத்து, ஆழியாறு வரை கூட்டிப்போய், அங்கிருந்து மலை ஏற்றி இறக்கித்தான் பழக்கினார். ஏற்றத்தைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். "ஏறுறது வண்டியோட வேலை கண்ணு. இறக்கறதுதான் டிரைவரோட வேலை" என்பார். அவர் சொல்லித்தந்த ஒரே விதி, ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது. மேலே போக இரண்டாவது கியர் கேட்ட இடத்தில், கீழே வரும்போதும் இரண்டாவதுதான். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் கடைசித் துணையாக இருக்கும். பிரேக்கிலேயே மலை இறங்கினால் லைனிங் சூடேறி, மிதிக்க மிதிக்கக் கால் உள்ளே போகுமே தவிர வண்டி நிற்காது. இன்றைக்கும் ஆழியாறு செக்போஸ்ட் பக்கம் நின்று பாருங்கள், சமவெளியிலிருந்து வந்த கார் ஏதாவது ஒன்று சக்கரத்தில் புகை வர ஓரம்கட்டி நிற்கும். அந்தத் தீய்ந்த வாடை தெரியாதவர்கள் அந்தப் பக்கம் யாருமில்லை.

வேலை என்னை ஜெர்மனிக்குக் கொண்டுபோனது. நூற்பாலை இயந்திரங்கள் என் தொழில். ஸ்டுட்கார்ட் பக்கம் தங்கியிருந்தபோது ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன். போர்ஷே ஊரில் இருந்துகொண்டு ஜப்பான் வண்டியா என்று உடன் வேலை செய்தவர்கள் கேட்டார்கள். வாங்கக்கூடிய விலையில் இருந்தது என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் எடை.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. அறுபதுகளின் பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களை மனதில் வைத்து, அவற்றின் ஒழுகும் ஆயிலையும் நின்றுபோகும் மின்வயரிங்கையும் விட்டுவிட்டு, இன்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு செய்தார்கள். 1.6 லிட்டர் எஞ்சின் முன்னால், ஓட்டம் பின் சக்கரத்தில், இரண்டே இருக்கை, கையால் மடிக்கும் துணிக்கூரை. சக்தி 115 குதிரை. எடை ஏறக்குறைய 950 கிலோ. ஜெர்மன் விரைவுச்சாலையான ஆட்டோபானில் அதை ஓட்டுவதைப் போல அலுப்பான காரியம் வேறில்லை, குடும்பத்தோடு போகிற பெரிய டீசல் வண்டிகூடத் தாண்டிப் போய்விடும். அதன் இடம் மலைச்சாலை.

பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஸ்டாட் வரை கருங்காட்டு மலைமேல் சுமார் 60 கிலோமீட்டர் ஓடும் பி500 சாலைக்கு வார இறுதியில் விடியும் முன்பே போய்விடுவேன். பைன் மரங்கள், பனி ஈரம், வளைவுக்குப் பின் வளைவு. அந்தச் சாலையில் நான் ஒருநாளும் சட்டத்தை மீறிய வேகத்துக்குப் போக வேண்டியிருந்ததில்லை. இரண்டாவதில் வைத்து, எஞ்சினை 6,000, 6,500 சுற்றுக்குக் கொண்டுபோனாலும் முள் ஊர்ப்புறச் சாலையின் எல்லையான நூறுக்குள்தான் நிற்கும். வண்டியிடம் இருந்த மொத்தத்தையும் நான் வாங்கிக்கொண்டேன், அதுவும் என்னிடமிருந்த மொத்தத்தையும் கேட்டது.

எங்கே கேட்டது என்று சொல்கிறேன். நேர்ச்சாலை முடிந்து வளைவு தெரிகிறது. வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்துகிறது. இடது கால் கிளட்சை மிதிக்கிறது. வலது கை (அங்கே கியர் வலப்பக்கம்) மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கிறது. அந்த இழுப்புக்குள், பிரேக்கில் இருக்கும் அதே வலது காலின் ஓரத்தைச் சரித்து ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எஞ்சின் ஒரு குரல் உயர்ந்து, புதிய கியருக்கு வேண்டிய சுற்றில் வந்து உட்காரும். அப்போது கிளட்சை விட்டால் வண்டி குலுங்காமல், நெளியாமல் வளைவுக்குள் நுழையும். தட்டியது கொஞ்சம் குறைந்தால் பின்சக்கரம் ஒரு இழுப்பு இழுத்து உணர்த்தும், கூடினால் மூக்கு முன்னால் துள்ளும். இத்தனையும் மனம் ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் நடக்கிறது. அது சரியாக விழுந்த காலை வேளைகளில் நான் அடைந்த மகிழ்ச்சியை வேறு எதிலும் அடைந்ததில்லை என்று கூச்சமின்றிச் சொல்வேன்.

அந்த மகிழ்ச்சி எஞ்சின் சத்தத்திலும் முடுக்கத்திலும் இருக்கிறது என்றுதான் அன்று நினைத்திருந்தேன். ஊர் திரும்பும்போது வண்டியை விற்றுவிட்டேன். மூன்று வயது தாண்டிய பழைய காரை இறக்குமதி செய்ய இந்தியாவில் அனுமதி இல்லை. வாங்கியவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ட்ராமில் வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான்.

கோவையில் சில வருடம் எனக்குக் கார் என்பது ஆபீஸ் போய்வரும் பெட்டியாக இருந்தது. பிறகு ஹூண்டாய் கோனா வந்தது, 2019இல் இந்தியாவுக்கு வந்த மின்சார வண்டி. 39.2 யூனிட் பேட்டரி, 136 குதிரை, 395 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கடைசி எண்ணைக் கவனியுங்கள். என் எம்எக்ஸ்-5 தந்தது ஏறக்குறைய 135. அதையும் 5,500 சுற்றில்தான் தரும். கோனா நின்ற இடத்திலிருந்தே 395ஐத் தருகிறது.

முதலில் அதைக் கூட்டிப்போன இடம் வால்பாறைதான். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. வண்டி பறந்தது. பஸ்ஸைத் தாண்ட கியர் குறைக்க வேண்டாம், இடைவெளி பார்த்துக் காத்திருந்து முக்க வேண்டாம், மிதித்தால் முன்னால் நிற்கிறோம். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து பெட்ரோல் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும், டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். மின்மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். அமெரிக்காவில் 4,302 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையின் மொத்த ஏற்றச் சாதனையும் இன்று ஒரு மின்சார வண்டியிடம்தான் இருக்கிறது. 2018இல் ரொமெய்ன் டூமா ஃபோக்ஸ்வாகன் ஐடி.ஆர் காரில் 156 வளைவுகளை 7 நிமிடம் 57 விநாடியில் ஏறி முடித்தார். எட்டு நிமிடத்துக்குள் அந்த மலையை ஏறியவர் அதற்கு முன் யாருமில்லை.

ஆனால் ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நிறுத்தி அணைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு உள்ளுக்குள் ஒன்றுமே நடந்திருக்கவில்லை. வேகம் வந்தது, நான் அதற்கு எதுவும் செய்யவில்லை. இடது கைக்கு வேலை இல்லை. இடது கால் பாய்மேல் சும்மா கிடந்தது. சத்தம் இல்லாததற்காகவும் வருந்தினேன், அதை மறைப்பானேன். எனக்குப் பிடித்த ஒன்று உலகத்திலிருந்தே போய்விட்டது, இனி மலைக்கு வருவது இயற்கையைப் பார்க்க மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டு மேலே போனேன்.

கியர் என்பது எதற்கு இருந்தது என்று யோசித்தால் இந்த ஏமாற்றம் புரிகிறது. பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குறிப்பிட்ட சுற்றில்தான் பலம், அதற்குக் கீழே சோர்வு, மேலே ஆபத்து. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கியர்ப்பெட்டி. நூறு வருடமாக ஓட்டுநர்கள் அந்தக் குறைக்கு ஈடுகொடுத்து ஈடுகொடுத்து ஒரு கலையாக்கிவிட்டார்கள். குறையே இல்லாத மோட்டார் வந்ததும் கலைக்கு வேலை போயிற்று. ஏற்றத்தைப் பொறுத்தவரை இது உண்மை, இதில் எனக்கு இன்றும் மாற்றுக்கருத்து இல்லை.

மறுநாள் இறங்கினோம். கோனாவில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னத் துடுப்பு மாதிரி இரண்டு நெம்புகோல்கள் உண்டு. இடதை இழுத்தால் மீள்மின் பிடிப்பு ஒரு படி கூடும், வலதை இழுத்தால் ஒரு படி குறையும். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்த வேலைக்கு ஆகும் எதிர்ப்புத்தான் வண்டியைப் பிடிக்கிறது. அட்டகட்டி தாண்டியதும், பெரியப்பாவின் விதி தன்னிச்சையாக நினைவில் எழ, வளைவுக்கு முன் இடது விரல் இரண்டு முறை இழுத்தது. வண்டி முதுகில் யாரோ பிடித்ததுபோல் தணிந்து, வளைவுக்குள் சுருண்டு, வெளியே வந்தது. பிரேக்கைத் தொடவில்லை. அடுத்த வளைவு. அதற்கடுத்தது. எனக்கு உடம்பு முழுக்க விழிப்பு வந்துவிட்டது. இந்த நிலை எனக்குத் தெரியும். கருங்காட்டுக் காலைகளில் இருந்தது இதுதான்.

அன்றே அது கைகூடிவிடவில்லை. பின் சீட்டிலிருந்து என் மனைவி, "ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க, குடலைப் புரட்டுது" என்றாள். காலைச் சட்டென்று எடுத்தால் மூன்றாம் படியில் வண்டி முன்னால் தள்ளும், மறுபடி மிதித்தால் பின்னால் சாய்க்கும். நாற்பது வளைவுக்கு இப்படித் தொட்டில் ஆட்டினால் யாருக்கும் தலை சுற்றும். மின்சார வண்டியில் ஒரே மிதிகட்டையில் வேகமும் இருக்கிறது, தடையும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், முன்னும் தள்ளாமல் பின்னும் இழுக்காமல் வண்டி வெறுமனே உருளும் ஒரு மெல்லிய இடம் உண்டு. ஷூவின் அடித்தோல் தடிமன்தான் இருக்கும். அந்த இடத்தைக் காலால் தேடிக் கண்டுபிடித்து, அதன் வழியாக நிறுத்தாமல் கடந்துபோகப் பழகுவதுதான் இதில் உள்ள கலை. வேகம் மாறுகிறது, மாறுவது யாருக்கும் தெரியக்கூடாது. எம்எக்ஸ்-5இல் எனக்கு நான்கு உறுப்புகளுக்கு வேலை இருந்தது. இங்கே ஒரு கணுக்காலுக்கும் ஒரு விரலுக்கும்தான் வேலை, ஆனால் அவை செய்யவேண்டிய அளவு இன்னும் நுணுக்கமானது. மூங்கில்கழையை ஓங்காமலே மூக்கணாங்கயிற்றின் தளர்ச்சியிலும் விறைப்பிலும் காளையை வழிநடத்தும் ரேக்ளாக்காரர்களை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன், அந்தக் கை மாதிரி ஒரு கால் வேண்டும்.

சத்தமில்லாமை இங்கேதான் எனக்கு உதவியது. எஞ்சின் பேசாதபோது டயர் பேசுவது கேட்கிறது. வளைவில் ரப்பர் தாரைப் பிடிக்கும்போது எழும் ஒரு முனகல், அது கீச்சுக்குரலாக மாறத் தொடங்கும் தருணம், ஈரத்தில் அது அறவே அடங்கிப்போகும் எச்சரிக்கை எல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டால் காதுக்கு வருகின்றன. ஸ்போர்ட்ஸ் காரில் இந்தச் செய்தி இடுப்புக்கு வரும், கைக்கு வரும், காதுக்கு வந்ததே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலையில் எஸ்டேட் லைன் வீடுகளை ஒட்டி உறுமிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள் கூட்டங்களையும், வளைவோரப் பாறைகளில் வரையாடுகள் நின்று பார்ப்பதையும் ஒரே நாளில் கண்டவன் நான். என் மகிழ்ச்சிக்காக அந்த மலை முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை என்பதில் எனக்கு நிம்மதி இருக்கிறது.

ஆளும் சாமானும் சேர்த்து 1,800 கிலோ வண்டி 700 மீட்டர் உயரம் இறங்கினால், கணக்குப்படி அதில் ஏறத்தாழ மூன்றரை யூனிட் சக்தி இருக்கிறது. காற்றும் டயரும் தின்றது போகக் கொஞ்சம்தான் திரும்ப வரும். ஆனாலும் ஆழியாறு வரும்போது பேட்டரி சதவீதம், கிளம்பியபோது இருந்ததைவிட இரண்டு மூன்று கூடி நிற்பதைப் பார்க்கையில், எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பெரியப்பாவின் லாரியில் இந்தச் சக்தி மொத்தமும் எஞ்சின் சூடாகவும் லைனிங் வாடையாகவும் காற்றில் போயிற்று. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பேட்டரி நிறைந்திருந்தால் அனுப்பும் மின்சாரத்துக்கு உள்ளே இடமிருக்காது, பிடிப்பும் குறைந்துவிடும். மலைமேல் தங்கினால் நான் எண்பதோடு சார்ஜை நிறுத்திக்கொள்வேன், முதல் சில வளைவுகளுக்குக் கால் பிரேக்கின்மேல் தயாராக இருக்கும்.

ஆக, வேகம் எடுப்பதில் இருந்ததாக நான் நம்பிய சுகம், உண்மையில் வேகம் குறைப்பதில்தான் இருந்திருக்கிறது. கருங்காட்டிலும் அப்படித்தான். நான் மேலே விவரித்த அந்தக் கால் வித்தை முழுவதும் வளைவுக்கு முன் தணிவதற்கானது. இதைத்தான் பெரியப்பா ஒரே வரியில் சொல்லியிருந்தார். நான் ஜெர்மனி போய், ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி விற்று, மின்சார வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு அது எனக்குப் புரிந்தது.

இதனால் மின்சாரக் கார்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று சொல்லிவிட மாட்டேன். எனக்கு அவற்றின்மேல் ஒரு பெரிய வருத்தம் உண்டு. எடை. கோனாவே ஒன்றரை டன்னைத் தாண்டும், சின்ன வண்டி அது. பேட்டரி வண்டியின் தளத்துக்குக் கீழே இருப்பதால் சாய்வது குறைவு, உண்மைதான். ஆனால் இடது வலது என்று வளைவுகள் அடுத்தடுத்து வரும்போது, எம்எக்ஸ்-5 நான் நினைத்த மாத்திரத்தில் திரும்பியது, கோனா ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. 2008இல் வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டர், லோட்டஸ் எலீஸின் உடலைத் தழுவிச் செய்யப்பட்டது. எலீஸ் 900 கிலோவுக்குள் அடங்கும் வண்டி. சுமார் 450 கிலோ பேட்டரி ஏறியதும் அது 1,300 கிலோ பக்கம் போய்விட்டது. அன்று அது பெரிய எடையாகத் தெரிந்தது. இன்று அந்த எடைக்கு மின்சார ஸ்போர்ட்ஸ் கார் யாராவது செய்தால் ஓடிப்போய் வாங்கத் தயாராக இருக்கிறேன்.

அண்மையில் ஜெர்மனி போனபோது, பழைய சகா ஒருவர் தன் ஹூண்டாய் ஐயோனிக் 5 N வண்டியை அதே பி500இல் ஓட்டக் கொடுத்தார். 600 குதிரைக்கு மேல், எடை 2,200 கிலோ. அதில் இல்லாத கியரை இருப்பதுபோல் நடித்துக் காட்டும் ஏற்பாடு உண்டு. நெம்புகோலை இழுத்தால் எட்டு கியர்ப் பெட்டிபோல் ஒரு குலுக்கல், ஸ்பீக்கரில் எஞ்சின் குரல், மாற்றத் தவறினால் சுற்று எல்லையில் முட்டி நிற்பதுகூட உண்டு. எனக்கு இது பிடிக்காது என்ற முடிவோடுதான் உட்கார்ந்தேன். ஓட்டியபின் ஒரு விஷயத்தில் மனம் மாறியது. அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தால், முள்ளைப் பார்க்காமலே என் வேகம் எனக்குத் தெரிந்தது. கண் சாலையிலேயே இருந்தது. அது பொம்மை வேலை இல்லை, ஓட்டுகிறவனுக்குப் பயன்படும் செய்தி. ஆனால் மும்மல்ஸே ஏரிப் பக்கமிருந்து பாடன்-பாடன் நோக்கி இறங்கும்போது அந்த 2,200 கிலோவை எந்த நடிப்பாலும் மறைக்க முடியவில்லை. அதன் திறமையில் கால்வாசியைக்கூட அந்தச் சாலையில் சட்டத்துக்குள் நின்று தொட முடியாது. இந்தியாவிலும் இப்போது நூறு கிலோமீட்டர் வேகத்தை 3.8 விநாடியில் எட்டும் பிஒய்டி சீல் கிடைக்கிறது. நம் சாலையில் அந்த நான்கு விநாடி முடிந்தபின் மீதி நாள் முழுவதும் அந்த வண்டியை என்ன செய்வது? நாற்பது குதிரை ஃபார்முலா மாருதியில் பழகியவர்கள் உலகமெங்கும் போய் ஓட்டியதைப் பார்த்த ஊரிலிருந்துகொண்டு கேட்கிறேன்.

கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா பாரத் என்ற பொறியியல் மாணவர் போட்டி அங்கே நடக்கிறது, மின்சாரக் கார்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பார்க்கப் போயிருந்தேன். ஒரு பந்தயத்தில் வண்டிகள் எட்டுப் போட வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீசில் போடுவோமே, அதேதான், ஆனால் விநாடியின் சின்னஞ்சிறு பங்கு வரை அளப்பார்கள். ஒரு கல்லூரிக் குழுவின் மின்சார வண்டி, வெறும் குழாய்ச் சட்டமும் நான்கு சக்கரமுமாக, அந்த எட்டைச் சுற்றிய விதத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓட்டிய பெண் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும் போய் எடை கேட்டேன்.

"இருநூத்தி அறுபது கிலோ சார். பேட்டரிப் பெட்டிதான் இழுக்குது. அதை அலுமினியத்துல மாத்தினா இன்னும் பதினஞ்சு குறையும்."

"கால எடுத்தா பிடிக்குதாம்மா? மீள்மின் வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்கோம் சார், ஆனா ஆஃப் பண்ணிட்டுத்தான் ஓட்டினேன். திடீர்னு பிடிச்சா பின்னாடி சுத்திருது. அடுத்த வருஷத்துக்குள்ள அதை மிதிகட்டையிலயே படிப்படியா வர்ற மாதிரி கோட் எழுதணும்."

எத்தனை மில்லிமீட்டருக்கு எவ்வளவு பிடிப்பு வைக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.